எஞ்சினுக்குள் போன தாம்பாளம்

ஜமீன்களை ஒழித்த சர்க்கார், ஜமீன்தார்களின் கார்களையும் அதே கையோடு ஒழித்திருக்கலாம். அதைச் செய்யாமல் விட்டதால்தான் எங்கள் வீட்டுக்குக் கார் வந்தது.

ஐம்பதுகளின் பிற்பகுதி. எனக்குக் கல்யாணமாகி விருதுநகருக்கு வந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. என் வீட்டுக்காரருக்கு மிளகாய் வற்றல் வியாபாரம். தெருவைப் பார்த்து மண்டி, அதை ஒட்டி வீடு, வீட்டுக்குப் பின்னால் வற்றல் மூட்டைகள் அடுக்கிய கொட்டகையும் அதன் முன்னால் ஒரு முற்றமும். மேற்கே ஏதோ ஊரில் கொள்முதல் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனவர் மறுநாள் லாரியில் வந்து இறங்கினார். லாரிக்குள் வற்றல் இருந்தது. லாரியின் வாலில் கட்டிய கயிற்றில் ஒரு கார் இருந்தது.

இரண்டாம் உலகச் சண்டைக்கு முந்தைய அமெரிக்கக் கார். ஒரு காலத்தில் கறுப்பாக இருந்திருக்க வேண்டும். முன் விளக்குகள் இரண்டும் தவளைக் கண் மாதிரி பிதுங்கி நின்றன. ஒன்று நம்மைப் பார்க்கும், மற்றது பக்கத்து வீட்டைப் பார்க்கும்.

"ஓடுற வண்டிதான். பெட்ரோலை எதுக்கு வீணாக்கணும்னுதான் கட்டி இழுத்தாந்தேன்" என்றார் வீட்டுக்காரர்.

ஆரத்தித் தட்டோடு வெளியே வந்த என் மாமியார் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். தட்டைக் கீழே வைத்தார்.

"ஏலே, இது எம்புட்டுப் பேரைச் சுடுகாட்டுல கொண்டுபோய் எறக்கியிருக்கும்?"

"ஜமீன்தார் போன வண்டிம்மா."

"அவரும் அங்கனதானலே போனாரு?"

இந்தக் காருக்கும் வற்றல் வியாபாரத்துக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. சம்பந்தம் என் அண்ணனோடு. அண்ணன் ஏழாயிரம்பண்ணைக்கு வெளியே கரிசல் காட்டில் ஒரு சின்னப் பட்டாசுக் கம்பெனி வைத்திருந்தார். பட்டாளத்தில் கழித்துப் போட்ட ஜீப் ஒன்றும் வைத்திருந்தார். விருதுநகருக்கு வரும்போதெல்லாம் அந்த ஜீப்பை மண்டி வாசலில் நிறுத்தி, தெருவில் யாரும் பாக்கியில்லாமல் பார்த்தார்கள் என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் இறங்குவார். அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் சைக்கிளில் வந்து சேருவார். மச்சானுக்கு ஜீப், மாப்பிள்ளைக்குச் சைக்கிள் என்பது அவருக்கு நெஞ்செரிச்சலாகவே ஆகிவிட்டது. சுக்குக் கஷாயத்தில் தீராத நெஞ்செரிச்சல்.

ஆயுத பூஜைக்கு அண்ணன் கம்பெனியில் கூப்பிட்டிருந்தார்கள். காருக்குச் சந்தனம், குங்குமம், கதம்பம் எல்லாம் வைத்து நானும் அவருமாகப் புறப்பட்டோம். மாமியார், "நீங்க போங்கத்தா, நான் இன்னுங் கொஞ்ச நாள் இருந்துட்டு வாரேன்" என்று சொல்லி வீட்டிலேயே தங்கிக்கொண்டார்.

ஊரைத் தாண்டிச் சூலக்கரை தொடுவதற்குள் காரின் மூக்கிலிருந்து ஆவி வந்தது. வீட்டுக்காரர் இறங்கி, மூடியைத் துண்டால் பிடித்துத் திருகினார். கொதிநீர் ஆளுயரம் எழும்பியது. வெள்ளைச் சட்டை செம்மண் சட்டையானது. முழங்கை வரை வெந்துபோனது. நான் குடிப்பதற்குக் கொண்டு வந்த கூஜாத் தண்ணீரைக் கொஞ்சம் கையிலும் மிச்சத்தைக் காரிலும் ஊற்றினோம். கை கொஞ்சம் தேவலாம் என்றது. கார் மறுபடி இரண்டு பர்லாங் போய் மறுபடி ஆவி விட்டது.

அண்ணன் அன்று காலையில் பூஜைச் சாமான் வாங்க விருதுநகர் வந்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தாராம். ஜீப்பை எங்கள் பக்கத்தில் நிறுத்தினார். ஆவியையும், சட்டையையும், கதம்பத்தையும் நிதானமாகப் பார்த்தார்.

"என்ன மாப்பிள்ள, நடு ரோட்டுல டீக்கடை போட்டுட்டீகளா?"

ஜீப்பின் பின்னால் கட்டி இழுத்துத்தான் நாங்கள் ஏழாயிரம்பண்ணை போய்ச் சேர்ந்தோம். பூஜையில் பொரி கடலை கொடுத்தார்கள். என் வீட்டுக்காரர் அதை யாரையோ கடிப்பது போலக் கடித்துத் தின்றார். காரைச் சரி செய்துவிட்டுத்தான் மறுவேலை என்று அவர் முடிவெடுத்தது அந்தப் பொரியைத் தின்னும்போதுதான் என்று நினைக்கிறேன்.

மெக்கானிக் ஒருவரைப் பிடித்துவந்தார். பஸ் கம்பெனி ஷெட்டில் வேலை பார்ப்பவர், ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களுக்கு. சண்டைக் காலத்தில் பட்டாளத்து ஒர்க்‌ஷாப்பில் பர்மா வரை போனவர். அவர் பேச்சைக் கேட்டால், ஜப்பான்காரன் பின்வாங்கியதே இவர் கையில் இருந்த ஸ்பேனரைக் கண்டுதான் என்று தோன்றும். எதைக் கேட்டாலும் பர்மாவிலிருந்துதான் ஆரம்பிப்பார். காப்பியில் சர்க்கரை போதுமா என்று கேட்டால்கூட ரங்கூன் போய்த்தான் திரும்பி வருவார்.

முதல் ஞாயிறு, ரேடியேட்டரைக் கழற்றி அலசினார். இரண்டாவது ஞாயிறு, ரப்பர் குழாய்களை மாற்றினார். மூன்றாவது ஞாயிறு, காற்றாடி பெல்ட்டை மாற்றினார். கார் ஒவ்வொரு தடவையும் சூலக்கரை வரை போய்விட்டு மாட்டு வண்டியோடு திரும்பி வந்தது. கடைசியில் ரேடியேட்டரை மறுபடி இறக்கி, அதற்குப் பின்னால் இருந்த தண்ணீர் பம்ப்பையும் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, எஞ்சினின் நெஞ்சுக்குள் விளக்கடித்துப் பார்த்தார்.

"இந்தா இருக்காம்ல திருடன்" என்றார்.

நானும் எட்டிப் பார்த்தேன். எஞ்சினுக்குள்ளே, முன்னாலிருந்து கடைசி வரைக்கும், தட்டையான ஒரு தகரக் குழாய் செருகியிருந்தது. வாய் மட்டும் வெளியே தெரிந்தது. அதுவும் துருவும் சுண்ணாம்பும் ஏறி, வெற்றிலை போட்ட கிழட்டு வாய் மாதிரி இருந்தது.

"பம்பு தண்ணிய இந்தக் குழாக்குள்ளதான் தள்ளும் அண்ணாச்சி. குழாயில வரிசையா ஓட்டை இருக்கும். ஒவ்வொரு ஓட்டையும் ஒவ்வொரு சிலிண்டருக்கு. இது தூந்துபோச்சு. முன்னால இருக்க ரெண்டு சிலிண்டரு குளிச்சுக்கிட்டு இருக்கு, பின்னால இருக்கதெல்லாம் வெந்துக்கிட்டு இருக்கு."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. எங்கள் தெருக் குழாயும் அப்படித்தான். தெரு முனையில் தண்ணீர் வரும், எங்கள் வீட்டருகே காற்று வரும். அதிலும் எங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது. கொதிக்க வைத்த பானையில் விரல் கனத்துக்கு உப்புப் படியும். அந்த மாதிரித் தண்ணீரைக் காருக்கு வருஷக் கணக்கில் ஊற்றினால் அது மட்டும் என்ன தேவாமிர்தமாகவா மாறும்?

"உருவிட்டுப் புதுசு போட்டுட்டாச் சரியாப்போகும்" என்றார் மெக்கானிக். "பர்மாவுல நான் இதைக் கண்ணை மூடிக்கிட்டு உருவுவேன்."

கண்ணைத் திறந்துகொண்டு உருவியும் வரவில்லை.

கம்பியை வளைத்துக் கொக்கி செய்து குழாயின் வாயில் மாட்டி இழுத்தார். கொக்கி நிமிர்ந்தது. மண்ணெண்ணெய் ஊற்றி ஊற வைத்தார். வாரம் முழுக்க முற்றத்தில் மண்ணெண்ணெய் வாடை. சோற்றிலும் அதே வாடை. மாமியார் புளியைக் கரைத்துக் கொண்டு வந்து, "பித்தாளைக்கே கேக்கும், இதுக்குக் கேக்காதா?" என்று ஊற்றினார். அது ரசமாக ஆகாததுதான் குறை. ஊதுவிளக்கை வைத்துச் சூடு காட்டினார்கள். போகிற வருகிறவர்கள் எல்லோரும் நின்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். விருதுநகரில் எள்ளுக்கும் உளுந்துக்கும் விலை சொல்லத்தான் ஆள் உண்டு என்று நினைத்திருந்தேன். துருப்பிடித்த குழாய்க்கு இத்தனை நிபுணர்கள் இருப்பது எனக்கு அதுவரை தெரியாது.

மாட்டை வைத்து இழுக்கலாம் என்பது என் வீட்டுக்காரரின் சொந்த யோசனை. மண்டிக்கு வற்றல் ஏற்றிவரும் வண்டி மாடுகள், நல்ல காங்கேயம் காளைகள். குழாயில் தடித்த கொக்கி மாட்டி, கொக்கியில் இரும்புக் கம்பிவடம் கட்டி, வடத்தை நுகத்தடியில் பிணைத்தார்கள். வண்டிக்காரர் "தை" என்றார். மாடுகள் நடந்தன. வடம் விறைத்தது. எல்லோரும் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். குழாய் அசையவில்லை. கார் அசைந்தது.

சக்கரத்துக்குக் கல் வைக்க யாருக்கும் தோன்றவில்லை. பிரேக் என்பது ஜமீன் காலத்திலேயே அந்தக் காரை விட்டுப் போய்விட்டது. காளைகள் முற்றத்தைத் தாண்டி, பக்கத்துச் சந்தில் திரும்பி, தெருவுக்குப் போயின. ரேடியேட்டர் இல்லாத மூக்கோடு கார் பின்னாலேயே போனது. ஆவியில்லை, புகையில்லை, சத்தமில்லை. எங்களிடம் வந்த நாளிலிருந்து அந்தக் கார் அவ்வளவு நன்றாக ஓடியது அன்றைக்குத்தான். அதை வாங்கினால் கூடவே மாடும் வாங்க வேண்டும் என்று யாரும் இவரிடம் சொல்லவில்லை போலும்.

எண்ணெய்க் கடை முன்னால் மடக்கித் திருப்பிக் கொண்டுவந்தார்கள். இந்தத் தடவை நான்கு சக்கரத்துக்கும் கல் வைத்தார்கள். மாடுகள் இழுத்தன. கிர்ரென்று ஒரு சத்தம். குழாயின் வாய் மட்டும் பிய்ந்து கொக்கியோடு வந்தது. இப்போது பிடித்து இழுக்கவும் ஒன்றுமில்லாமல் போயிற்று.

இந்தச் செய்தி ஏழாயிரம்பண்ணைக்கு எப்படிப் போனதோ, அடுத்த ஞாயிறு அண்ணன் வந்துவிட்டார். ஜீப்பிலிருந்து இறங்கும்போது கையில் ஒரு பொட்டலம்.

"முன்னால இருந்து இழுத்தா வராது மாப்பிள்ள. உள்ள இருந்து தள்ளணும். கொஞ்சூண்டு மருந்து வச்சாப் போதும்."

எங்கள் பக்கத்தில் மருந்து என்றால் இரண்டு அர்த்தம். ஒன்று வைத்தியர் கொடுப்பது. மற்றது வைத்தியரிடம் அனுப்பி வைப்பது.

"அண்ணே, வீட்டுக்குள்ளயா வெடி வைக்கப் போறீக?" என்று கேட்டேன்.

"வீட்டுக்குள்ள இல்ல தங்கச்சி. எஞ்சினுக்குள்ள."

"எஞ்சின் எங்கன இருக்கு?"

அண்ணன் மெக்கானிக்கைப் பார்த்தார். மெக்கானிக், பர்மாவில் ஒரு பாலத்தையே இப்படித்தான் திறந்ததாகச் சொன்னார். பாலத்தை எதற்குத் திறந்தார்கள் என்று நான் கேட்டேன். அவருக்குக் காது கேட்கவில்லை. வீட்டுக்காரரோ, இரண்டு மாதமாக மச்சானோடு முகம் கொடுத்துப் பேசாதவர், இப்போது பொட்டலத்தைக் கையில் வாங்கி எடை பார்த்துக்கொண்டிருந்தார். மாமியார் சொந்தக்காரப் பெண்ணின் வளைகாப்புக்குப் போயிருந்தார். அவர் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் அண்ணன் வந்தாரோ என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம் உண்டு.

பட்டப்பகலில் வேலை நடந்தது. எஞ்சினின் மேல் வாய் வழியாக மருந்தைப் போட்டு, திரி விட்டு, வாயைக் களிமண்ணால் அடைத்தார்கள். நாங்கள் நான்கு பேரும் மாட்டு வண்டிக்குப் பின்னால் ஒதுங்கினோம். குழாய் நேராக வெளியே பாய்ந்து வரும் என்று எதிரே ஒரு சாக்குப்படுதா வேறு கட்டியிருந்தது.

வெடித்தது. சத்தம் அப்படியொன்றும் பெரிதில்லை, தீபாவளிக்குக் கேட்கிற சத்தம்தான். குழாய் வரவில்லை. ஆனால் எஞ்சினின் விலாப் பக்கத்தில் காசு காசாக அடித்து மூடியிருந்த தகர மூடிகள் தெறித்தன. ஒன்று சுவரில் பட்டு விழுந்தது. ஒன்று கொட்டகைக்குள் போய், அடுக்கின் உச்சியில் இருந்த வற்றல் மூட்டையைக் கிழித்தது. அந்த மூட்டை சரிந்தது. அதோடு இன்னும் மூன்று சரிந்தன.

வற்றல் தூசி எழும்பியது. முதலில் நாங்கள் தும்மினோம். பிறகு மாடுகள் தும்மின. பிறகு பக்கத்து வீடு, எதிர் வீடு, எண்ணெய்க் கடை. எங்கள் தெருவில் வாய்க்கால் தகராறு, வரப்புத் தகராறு, கோர்ட் கேஸ் என்று ஒருவரோடு ஒருவர் பேசாத குடும்பங்கள் பல உண்டு. அன்றைக்கு அத்தனை பேரும் ஒன்றாகத் தும்மினார்கள்.

அந்த இருமலுக்கு நடுவில் நான் பார்த்த ஒன்றை மட்டும் என்னால் கிண்டலாகச் சொல்ல முடியவில்லை. வெடித்த மறுநொடி அண்ணன் காரைப் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரரின் இரண்டு கைகளையும் பிடித்துப் புரட்டி, விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டார். கண் இமையைத் தூக்கிப் பார்த்தார். பிறகு என் கை, என் கண். பிறகு மெக்கானிக். யாருக்கும் ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகுதான் தன் கையைப் பார்த்துக்கொண்டார். கம்பெனியில் எத்தனை தடவை இப்படி எத்தனை கைகளைப் புரட்டிப் பார்த்திருப்பார் என்று நான் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

"வெளையாட்டாப் போச்சு" என்றார் மெதுவாக. "செஞ்சிருக்கக் கூடாது மாப்பிள்ள."

வீட்டுக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்துத் தும்மினார். பிறகு அண்ணனின் தோளில் கையை வைத்து, "விடுங்க மச்சான், வத்தல்தான போச்சு" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வரும் என்று நான் நினைத்ததில்லை. வற்றலைப் பற்றி 'தான' போட்டுப் பேசுகிறவர் இல்லை அவர்.

வளைகாப்பு முடிந்து வந்த மாமியார் தெரு முனையிலேயே தும்ம ஆரம்பித்து, வீட்டுக்குள் வந்து, எல்லோருடைய சிவந்த கண்களையும் பார்த்து, யார் செத்தது என்று கேட்டார். கார் இன்னும் சாகவில்லை என்று சொன்னோம்.

ஆனால் பலன் இருந்தது. விலாவில் மூடிகள் போன இடத்தில் இப்போது வட்ட வட்டமாகத் துவாரங்கள். அது வழியாக விளக்கடித்தால் உள்ளே கிடக்கும் குழாய் தெளிவாகத் தெரிந்தது, கருவாடு மாதிரி.

"இதுக்காகத்தான் நான் வெடி வைக்கச் சொன்னது" என்றார் மெக்கானிக்.

"யோசனை சொன்னது நானு" என்றார் அண்ணன்.

"வண்டி யாரோடது?" என்றார் வீட்டுக்காரர்.

இந்த வழக்கு தீருகிற வரைக்கும் விளக்கைப் பிடிக்க ஆள் இல்லை. நான் பிடித்தேன். மெக்கானிக் வாயை அந்தப் பக்கம் வழக்குக்குக் கொடுத்துவிட்டு, கையை இந்தப் பக்கம் வேலைக்குக் கொடுத்தார். துவாரத்துக்குள் நீண்ட உளியை விட்டு, குழாயின் ஓட்டை விளிம்பில் பொருத்தி, லேசாகத் தட்டுவார். குழாய் நகக் கண் அளவு முன்னே நகரும். அடுத்த துவாரத்தில் மறுபடி. வெளிச்சம் எங்கே வேண்டும் என்று அவர் சொல்லுமுன்பே எனக்குத் தெரிய ஆரம்பித்தது. தண்ணீர் எந்த வழியாக வந்து எந்த வழியாகப் போகிறது, சிலிண்டர் எங்கே, வால்வு எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். பர்மாவைக் கலக்காமல் அவர் பதில் சொன்ன கேள்விகள் அவை மட்டும்தான்.

அடுத்தடுத்த ஞாயிறுகளில் குழாய் துண்டு துண்டாக வந்தது. கடைசித் துண்டு மட்டும் கை நீளத்துக்கு முழுசாக உருவிக்கொண்டு வந்தது. வீட்டுக்காரர் அதைப் பிள்ளையைத் தூக்குவது மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு மண்டி முழுக்கக் காட்டிவிட்டு வந்தார். அவர் மேலெல்லாம் துரு.

இனிப் புதுக் குழாய். மதுரையில் விசாரித்தார், மெட்ராஸில் விசாரித்தார். அப்படியொரு சாமானை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. மெக்கானிக் சொன்னார்: "பாத்திரம் அடிக்கிற கன்னார்கிட்டக் குடுத்துப் பித்தாளைத் தகட்டுல செஞ்சிக்கிடலாம். பித்தாளைன்னா துருவும் ஏறாது. தகடு நல்ல கனமா, நீளமா இருக்கணும்."

அன்று மத்தியானம் சாப்பிடும்போது வீட்டுக்காரரின் பார்வை இலையில் இல்லை. எனக்குப் பின்னால், பாத்திரங்கள் அடுக்கிய பரணில் இருந்தது. அங்கே என் சீர்ப் பாத்திரங்கள். அதில் அகலமான ஒரு பித்தளைத் தாம்பாளம். விளிம்பில் புள்ளி புள்ளியாக என் அப்பாவின் பெயர் வெட்டியிருக்கும்.

"அந்தத் தாம்பாளம் சும்மாதான கிடக்கு" என்றார்.

"நீங்களுந்தான் மத்தியானத்துல சும்மா கிடக்கீக. உங்களை உருக்கச் சொன்னேனா?"

அவர் மோர் ஊற்றிச் சாப்பிட்டார். இரண்டு நாள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. காரின் பக்கத்தில் போய் நின்றுவிட்டு வருவதோடு சரி. மூன்றாம் நாள் நானே தாம்பாளத்தை இறக்கித் துடைத்து அவர் முன்னால் வைத்தேன்.

"தாரேன். எனக்கு வண்டி ஓட்டக் கத்துக் குடுக்கணும்."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார்.

"பொம்பள கார் ஓட்டுனா ஊர்ல என்ன சொல்லுவாக?"

"மாடு ஓட்டுனப்ப என்ன சொன்னாகளோ அதைத்தான் சொல்லுவாக."

மாமியார் அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தார். "குடுத்துட்டுப் போலே. நீ ஓட்டி என்னத்தக் கிழிச்ச?"

கன்னார் தாம்பாளத்தை வெட்டி, தட்டி, மடக்கி, ஈயம் வைத்து ஒட்டி, பழைய துண்டுகளைப் பார்த்து அளவெடுத்து ஓட்டை போட்டு, பளபளவென்று ஒரு குழாய் செய்து கொடுத்தார். அப்பாவின் பெயரில் பின்பாதி எழுத்துகள் குழாயின் நெற்றியில் அப்படியே தெரிந்தன. முன்பாதி வெட்டுத் துண்டில் போய்விட்டது. மாட்டுவதற்கு முன்னால் அண்ணன் வந்து பார்த்தார். அவருக்கு முகம் சுருங்கிப்போனது.

"அப்பா பேரைக் கொண்டுபோய் எஞ்சினுக்குள்ள வைக்கணுமா தங்கச்சி?"

"உயிரோட இருந்த வரைக்கும் உங்க மாப்பிள்ளையால கொதிச்சுக்கிட்டே இருந்தாரு. இனி அவரு வண்டிய ஆத்தட்டும், விடுங்க."

குழாய் உள்ளே போனது. விலாவுக்குப் புது மூடிகள் அடித்தார்கள். பம்ப்பும் ரேடியேட்டரும் ஏறின. பிரேக்கையும் ஒருவழியாகப் பிடிக்க வைத்தார்கள். கார் சூலக்கரையைத் தாண்டியது, சாத்தூரைத் தாண்டியது, ஆவி வரவில்லை. திரும்பும்போது, வழக்கமாக நிற்கும் இடம் வந்ததும் வீட்டுக்காரருக்குக் கை பொறுக்கவில்லை. இறங்கி மூடியைத் திறந்து பார்த்தார். தண்ணீர் அமைதியாக இருந்தது. கொஞ்சம் ஏமாற்றத்தோடுதான் திரும்பி ஏறினார்.

எனக்குப் பாடம் கண்மாய்க்குள் நடந்தது. தண்ணீரில்லாத கண்மாய் என்பது எங்கள் ஊரில் வருஷம் முழுவதும் கிடைக்கிற வசதி. அவர் சொல்லிக்கொடுத்த முறை எளிமையானது. நான் எதைத் தொட்டாலும் "அதை இல்ல" என்பார். அதை இல்லாமல் எதை என்று நானாகக் கண்டுபிடிக்க வேண்டும். கிளட்ச்சை விட்டதும் கார் துள்ளும். பின் சீட்டில் மாமியார் முறுக்குப் பாத்திரத்தை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஆயுத பூஜை அன்றைக்கு ஏற மாட்டேன் என்றவர், நான் ஓட்ட ஆரம்பித்ததிலிருந்து இறங்க மாட்டேன் என்றார். "அவன் ஓட்டுனா பயத்துல சாமியக் கும்பிடணும். நீ ஓட்டுனா சாமியும் கூட உக்காந்து கும்பிடும்" என்பார். அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

லைசென்ஸ் கொடுக்க வந்த இன்ஸ்பெக்டர், என்னை ஒரு தடவையும் என் புடவையை ஒரு தடவையும் பார்த்துவிட்டு, "சாரோட சம்மதம் இருக்கா?" என்று வீட்டுக்காரரைக் கேட்டார். சார் மீசையை நீவிக்கொண்டு, "நாந்தான் கத்துக் குடுத்தேன்" என்றார். இன்ஸ்பெக்டர் கதவோடு கதவாக ஒட்டி உட்கார்ந்துகொண்டு, பின்னால் எடுக்கச் சொன்னார். எடுத்தேன். அந்தப் பக்கமாக வந்த லாரிக்காரர் ஒருவர் இறங்கி நின்று வேடிக்கை பார்த்தார். நன்றாக ஓட்டுகிறேனா என்று பார்க்கவில்லை, எங்கே முட்டுவேன் என்று பார்த்தார். முட்டாததில் அவருக்கு வருத்தம்.

தனியாக நான் முதலில் போனது ஏழாயிரம்பண்ணைக்கு. அடுத்த வருஷத் தீபாவளிச் சீசன் நெருங்கிய சமயம். கம்பெனிக்கு வெகு தூரத்திலேயே காவல்காரர் கையை நீட்டி மறித்துவிட்டார். எஞ்சின் பொறி பட்டால் ஆபத்து என்று வேப்பமரத்தடியில் நிறுத்தச் சொன்னார். நியாயம்தான். அண்ணன் வெளியே வந்தார். காரைச் சுற்றி வந்தார். பின் சீட்டைப் பார்த்தார். மரத்துக்குப் பின்னாலும் பார்த்தார்.

"மாப்பிள்ள எங்க?"

"மண்டியில."

"அப்ப யாரு ஓட்டியாந்தா?"

சாவியை எடுத்துக் காட்டினேன். அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என் கையில் திருப்பிக் கொடுத்துக்கொண்டே, "சாப்பிட்டயா?" என்று கேட்டார். வேறெதுவும் சொல்லத் தெரியாதபோது எங்கள் வீட்டு ஆண்கள் கேட்கிற கேள்வி அது.

சாயங்காலம் நான் புறப்படும்போது, வேலை முடிந்த பெண்கள் ஏழெட்டுப் பேர் சாலையோரம் நின்றிருந்தார்கள். அவர்களை ஏற்றிப் போக வேண்டிய பஸ் எங்கோ மக்கர் செய்து நின்றுவிட்டதாம். ஊர் மூன்று மைல் தள்ளி. அண்ணன் தயங்கித் தயங்கி என்னைப் பார்த்தார்.

"வழிதான. ஏறச் சொல்லுங்க" என்றேன்.

முதலில் யாரும் ஏறவில்லை. ஒருத்தி தலையை உள்ளே நீட்டி, "நெசமாவே நீங்கதான் ஓட்டுறீகளாக்கா?" என்று கேட்டாள். ஆமாம் என்றதும், "அப்பச் சரி" என்று ஏறி உட்கார்ந்தாள். மற்றவர்கள் மடிமேல் மடியாக நெருக்கியடித்துக்கொண்டார்கள். அவர்களுடைய கைகளிலும் கழுத்திலும் மத்தாப்புக்குப் போடுகிற வெள்ளிப் பொடி ஒட்டியிருந்தது. வழி முழுக்க ஒருத்தியை ஒருத்தி கிள்ளிச் சிரித்துக்கொண்டே வந்தார்கள். எதிரே வந்த சைக்கிள்காரர் ஒருவர் எங்களைப் பார்த்துக்கொண்டே போய்க் கருவேலஞ் செடியில் ஏறினார். அதற்கு இன்னும் சிரித்தார்கள்.

வீட்டுக்கு வந்து பார்த்தால், பின் சீட்டு முழுக்க வெள்ளி விரல் தடங்கள். கதவில், கண்ணாடியில், முன் சீட்டின் முதுகில். வீட்டுக்காரர் ஈரத் துணியால் தேய்த்தார், சோப்புப் போட்டுத் தேய்த்தார். தேய்க்கத் தேய்க்கப் பளபளப்புக் கூடியதே தவிரப் போகவில்லை.

"ஜமீன்தார் உக்காந்த சீட்டு" என்றார் வருத்தத்தோடு.

"அவரு இறங்கிட்டாருல்ல" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனேன்.